ரைமொண்டி கல்லை லினோலியத்தில் செதுக்கிய அனுபவம்

முதல் தகட்டைக் குப்பையில் போட்டேன். இரண்டாவது பாதியில் நின்றது. சுவரில் தொங்குவது மூன்றாவது தகட்டின் அச்சு. ஆனாலும் முதல் இரண்டையும் எப்படிக் கெடுத்தேன் என்று சொல்லாமல் மூன்றாவதைப் பற்றிப் பேச முடியாது. லினோகட், அதாவது லினோலியம் என்ற மென்மையான தரைவிரிப்புத் தகட்டில் செதுக்கி, மை தடவி அச்செடுக்கும் வேலையைச் செய்து பழகியவர்களுக்கு இதில் சில இடங்கள் சிரிப்பை வரவழைக்கலாம்.

நான் செதுக்க நினைத்தது பெரு நாட்டின் ரைமொண்டி கல். ஆண்டீஸ் மலைப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,180 மீட்டர் உயரத்தில், மோஸ்னா, உவாச்செக்சா என்ற இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில் சாவின் தே உவாந்தார் என்ற பழங்கோயில் இருக்கிறது. பொ.ஆ.மு. 900க்கும் 500க்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் தேடி வந்த தலம் அது. இன்காக்கள் தலையெடுப்பதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் முந்தையது. ஆண்டீஸ் என்றாலே இன்கா என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்; நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஊரில் 1840இல் ஒரு விவசாயி தன் நிலத்தில் இந்தக் கல்லைக் கண்டெடுத்தார். கருங்கல் பலகை, இரண்டு மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளம், முக்கால் மீட்டருக்குச் சற்றே குறைந்த அகலம். வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையாகப் போட்டுக்கொண்டார். இத்தாலியில் பிறந்து பெருவில் குடியேறிய இயற்கை ஆய்வாளர் அன்தோனியோ ரைமொண்டி 1860இல் அதை அவர் வீட்டில் பார்த்தார். 1870களில் கல் லிமாவுக்குப் போனது. கண்டெடுத்தவர் பெயரை விட்டுவிட்டு, பார்த்தவர் பெயரை அதற்கு வைத்தார்கள்.

கல்லில் இருப்பது இரு கைகளிலும் கோல் ஏந்தி நேராக நிற்கும் ஒரு தெய்வம். கோரைப்பல், கூர்நகம், இடைக்கச்சின் நுனியில் பாம்புத் தலைகள். உருவம் கல்லின் கீழ் மூன்றில் ஒரு பங்குதான். மேலே உள்ள இரண்டு பங்கும் அதன் தலையலங்காரம். அடுக்கு மேல் அடுக்காக, சுருள்களும் பாம்புகளும் பற்களுமாக அது உயர்ந்துகொண்டே போகிறது. இவ்வளவு நெரிசலான படத்தை ஏன் எடுத்தாய் என்று என் நண்பர்கள் கேட்டார்கள். கல் தட்டையானது. உருவம் புடைப்பாக இல்லை. வழவழப்பாகத் தேய்த்த பரப்பில் மெல்லிய கோடுகளாகக் கீறப்பட்டிருக்கிறது. அதாவது அது ஏற்கெனவே ஓர் அச்சுக் கட்டை மாதிரிதான். மை தடவினால் அப்படியே காகிதத்தில் விழும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அளவு ஐந்தில் ஒரு பங்கு என்று முடிவுசெய்தேன்: 40 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம். மூலப் படத்துக்குப் புகைப்படத்தை நம்பக்கூடாது. வழவழப்பான கல்லில் மெல்லிய கீறல் என்பதால் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் கோடு மறைந்துவிடுகிறது. அறிஞர்கள் எழுதிவைத்த கோட்டோவியங்களைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இங்கே ஒரு வசதி. அச்சுக்குச் செதுக்குபவர்கள் எல்லோரையும் வாட்டும் தொல்லை இடவல மாற்றம்: தகட்டில் இடப்பக்கம் செதுக்கியது காகிதத்தில் வலப்பக்கம் விழும். ரைமொண்டி உருவம் ஏறக்குறைய முழுச் சமச்சீர். நடுவில் ஒரு கோடு இழுத்தால் இடமும் வலமும் ஒன்றே. ஆகவே டிரேசிங் தாளில் பாதி உருவத்தை மட்டும் மென்மையான பென்சிலால் வரைந்தேன். தாளைத் திருப்பிப் போட்டு, மடித்து, கரண்டிக் காம்பால் தேய்த்ததும் மறுபாதி தானாகப் பதிந்தது. ஒரு நாள் வேலை அரை நாளில் முடிந்தது. இதை எல்லாத் தெய்வங்களுக்கும் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு வசதியைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். சாவின் என்று அந்தத் தலத்தின் பெயராலேயே அழைக்கப்படும் பண்பாட்டின் கலையை ஆராய்ந்த ஜான் ரோ, இந்தச் சிற்பங்கள் ஒரே அகலமுள்ள பட்டைகளால் கட்டப்பட்டிருப்பதைக் காட்டியிருக்கிறார். உதடு ஒரு பட்டை, இடைக்கச்சு ஒரு பட்டை, பாம்பின் உடல் ஒரு பட்டை. எல்லாம் ஒரே அகலம். பட்டைக்குள் அடங்காத கண்ணும் மூக்குத் துளையும் மட்டும் அந்த ஒழுங்குக்கு வெளியே. முதல் தகட்டில் இதைத் தெரிந்துகொள்ளாமல் கண்போன போக்கில் வரைந்தேன். கீழே ஆரம்பித்த அகலம் மேலே போகப்போகக் கூடி, தலையலங்காரத்தின் உச்சி தகட்டைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவது முறை முதலில் இணைகோடுகளைப் போட்டேன். உருவம் அந்தக் கோடுகளுக்குள் தானே வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் தகட்டைக் கெடுத்தது அது மட்டுமில்லை. கோட்டைக் கருப்பாக நிறுத்தி, சுற்றியுள்ள இடத்தை எல்லாம் தோண்டி எடுக்க ஆரம்பித்தேன். பழக்கதோஷம். இரண்டு மணி நேரத்தில் ஒரு பாதம்தான் முடிந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் கோடுகள் சுவர்போல் நின்றன, நின்ற வேகத்திலேயே உடைந்தும் விழுந்தன. பிறகுதான் மண்டையில் உறைத்தது. சாவின் சிற்பி கோட்டைத்தானே கீறினான்? நானும் கோட்டைக் கீறினால் போதும். கோடு வெள்ளையாக விழும், மற்ற இடம் கருப்பாக இருக்கும். கல்லும் அப்படித்தான் இருக்கிறது. V வடிவ உளி ஒன்றே முழு வேலைக்கும் போதும். அந்தத் தகட்டை அங்கேயே தூக்கிப் போட்டேன்.

இரண்டாவது தகட்டை வெயிலில் பத்து நிமிடம் வைத்து இளக்கிய பிறகு எடுத்தேன். லினோலியம் குளிர்ந்திருந்தால் உளி நொறுக்குகிறது. சூடேறியிருந்தால் வெண்ணெய்போல் சுருண்டு வருகிறது. செதுக்கும்போது உளியைத் திருப்பக்கூடாது, தகட்டைத்தான் திருப்ப வேண்டும் என்பது இந்த வேலையின் பால பாடம். கை எப்போதும் ஒரே திசையில் தள்ளும். வளைவு வந்தால் இடக்கை தகட்டைச் சுழற்றும். சுருள் சுருளாக இருக்கும் இந்தப் படத்தில் தகடு ராட்டினம்போல் சுற்றிக்கொண்டே இருந்தது.

எங்கள் வீட்டில் எனக்கென்று தனி மேசை கிடையாது. சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையலங்காரத்தின் மூன்றாவது அடுக்கில் இருந்தேன். அம்மா தலையை நீட்டிப் பார்த்தார்.

"இது என்ன, முதலை மேல் முதலையாக இறங்கி வருகிறது?"

"முதலை இல்லை அம்மா. சாமியின் கிரீடம்."

"எனக்குக் கிரீடம் எதுவும் தெரியவில்லையே. ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்று வருகிறது. நீயே இங்கே வந்து பார்."

எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்தக் கல்லைத் தலைகீழாகவும் படிக்கலாம் என்று படித்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அறிஞர்கள் அளவுக்கு மீறி உற்றுப் பார்த்ததால் தோன்றிய விஷயம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். திரையில் படத்தைத் திருப்பிப் பார்த்தபோதும் வெறும் தலைகீழ்ப் படமாகத்தான் தெரிந்தது. ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தபோது கிரீடமே இல்லை. நீண்ட மூக்கும் கோரைப்பல்லும் கொண்ட முகங்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் மேலே உள்ளதன் வாயிலிருந்து தொங்கி இறங்கின. கீழ்த்தாடை எதற்கும் இல்லை. அடியில் தெய்வத்தின் முகம் வேறொரு முகமாகியிருந்தது; சுழித்த வாய் ஓரங்கள் மேலேறி, ஏதோ ஊர்வன இளிப்பதுபோல் இருந்தது.

ஒரே கோடுகள்தான். என் பக்கத்தில் இருந்து சாமி, அம்மா பக்கத்தில் இருந்து முதலைக் கூட்டம்.

அந்த விவசாயியின் மேசை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. செதுக்கிய பக்கம் மேலே இருக்கும்படி அவர் போட்டிருந்தால், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இருபது வருடமாக ஆளுக்கொரு சாமியைப் பார்த்திருப்பார்கள்.

அம்மா முதலை என்றதும் தவறில்லை. 3,180 மீட்டர் உயரத்தில் முதலை ஏது? ஆனால் அதே ஊரில் கிடைத்த இன்னொரு தூணில், இன்று தெயோ தூண் என்று அழைக்கப்படும் அதில், செதுக்கியிருப்பது கேமன் முதலைகளைத்தான். கேமன், ஜாகுவார், பெரும்பாம்பு என்று இந்தக் கோயிலில் ஆட்சி செலுத்தும் விலங்குகள் பலவும் மலைக்குக் கிழக்கே, தாழ்வான அமேசான் காட்டைச் சேர்ந்தவை. 1919இல் சாவினுக்குப் போன பெரு நாட்டுத் தொல்லியலாளர் ஹூலியோ தெயோ இதை வைத்துத்தான் இந்தப் பண்பாட்டின் வேர் காட்டில் இருக்கிறது என்று வாதிட்டார்.

அன்று மாலை ரோ சொன்னதைத் திரும்பப் படித்தேன். பழைய ஸ்காண்டிநேவிய, ஆங்கிலப் பாடல்களில் கடலைக் கடல் என்று சொல்லாமல் 'திமிங்கிலத்தின் பாதை' என்பதுபோல ஒரு வழக்கு உண்டு. சாவின் சிற்பம் அதைக் கோட்டில் செய்கிறது என்பது அவர் வாதம். கூந்தல் பாம்பைப் போன்றது என்று சொல்லத் தேவையில்லை. கூந்தல் இருக்க வேண்டிய இடத்தில் பாம்பை வைத்துவிட்டால் போதும். தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க ஸ்காண்டிநேவியா வரை போக வேண்டியதில்லை. நாம் கயல்விழி என்கிறோம். சாவின் சிற்பியாக இருந்தால் கண் இருந்த இடத்தில் கயலையே செதுக்கிவிட்டு, மற்றதைப் பார்ப்பவர் பாடு என்று விட்டுவிடுவான். இடைக்கச்சின் நுனி ஏன் பாம்புத் தலையாக முடிகிறது, கோல் ஏன் வெறும் கோலாக இல்லாமல் பல்லும் சுருளுமாக இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அதுவரை வெறும் அலங்காரமாகத்தான் பட்டது. அலங்காரம் என்று நினைத்துச் செதுக்கிய இடங்களில் எல்லாம் என் கோடு சோம்பேறித்தனமாக ஓடியிருந்தது. எது பல், எது நகம், எது நாக்கு என்று தெரியாமல் இழுத்த கோடு அச்சில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது தகடு நின்றதற்குக் காரணம் கண். தெய்வத்தின் விழியில் கருமணியை நடுவில் வைத்துவிட்டேன். நேராகப் பார்த்தால் ஒரு கோபக்கார ஆள், அவ்வளவுதான். திருப்பினால் அதே கோபக்கார ஆள் தலைகீழாக நிற்கிறான். வேறு முகம் வரவில்லை. கோட்டோவியத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கருமணி மேலிமையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண் மேலே, தன் தலையலங்காரத்தை நோக்கிப் பார்க்கிறது. திருப்பியதும் அதே கருமணி கீழே வந்து, பார்வையும் கீழிறங்குகிறது. சந்தேகம் தீர லான்சோனின் படங்களையும் பார்த்தேன். சாவின் கோயிலுக்குள் இருண்ட சுரங்க அறை ஒன்றில், வைத்த இடத்திலேயே இன்றும் நிற்கும் நாலரை மீட்டர் உயரக் கருங்கல் தெய்வம் அது. அதிலும் கருமணி மேலேதான் ஒட்டியிருக்கிறது. அரை மில்லிமீட்டர்ச் சமாசாரம். அதில் முழு வித்தையும் இருக்கிறது. லினோலியத்தில் கருமணி என்பது செதுக்காமல் விட்டுவைத்த ஒரு சிறு தீவு. ஒருமுறை செதுக்கி எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது.

மூன்றாவது தகட்டில் கண்ணைத்தான் முதலில் செதுக்கினேன். தப்பானால் ஆரம்பத்திலேயே தப்பாகட்டும் என்ற கணக்கு. அதோடு ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டேன்: அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தகட்டை மேசையில் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பது. சாமி பக்கத்திலிருந்து சரியாகத் தெரிந்த மூக்குச் சுருள் ஒன்று மிருகம் பக்கத்திலிருந்து அர்த்தமே இல்லாமல் நின்றதை இப்படித்தான் நாலைந்து இடங்களில் பிடித்தேன். தகடு கையில் சுழன்றுகொண்டே இருப்பதால் ஒரு கட்டத்தில் எது மேல், எது கீழ் என்ற நினைப்பே போய்விட்டது. அந்தச் சிற்பியும் கல்லைப் படுக்க வைத்துச் சுற்றிச் சுற்றி நடந்தபடிதான் வேலை செய்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நிறுத்தி வைத்த கல்லின் முன் நின்று இப்படி ஒரு வேலையை நினைத்துப் பார்க்கக்கூட எனக்கு முடியவில்லை.

முடிகிற நேரத்தில் விபத்து. இடக்கோலின் நடுவில் ஒரு சுருளைத் திருப்பும்போது உளி வழுக்கி, பக்கத்துப் பாம்பின் கழுத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டு சென்டிமீட்டர் நீளம். எம்-சீலைப் பிசைந்து பள்ளத்தில் அழுத்தி, ஈரவிரலால் சமன்செய்து, ஒரு இரவு காயவிட்டேன். மறுநாள் நைசான உப்புத்தாளால் தேய்த்தேன். தட்டையாக்குவது எளிது, அதன்மேல் திரும்பக் கோடு கீறுவதுதான் பாடாகப் படுத்தியது. எம்-சீல் லினோலியத்தைவிடக் கடினம். உளி லினோலியத்தில் சரசரவென்று வந்து, ஒட்டுப்போட்ட இடத்தில் முட்டி நின்று, சில்லு தெறித்தது. கடைசியில் உளியை விட்டுவிட்டு, மழுங்கிய ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். அச்சில் அந்தக் கழுத்து இன்றும் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கிறது. கருங்கல்லில் வேலை செய்தவனுக்கு இந்தச் சலுகையும் கிடையாது. இரும்பும் கிடையாது, கல்லால் தட்டி, மணலால் தேய்த்துத்தான் அந்தக் கோடுகள்.

அச்செடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய் மை, கண்ணாடித் தட்டு, ரப்பர் ரோலர். மை மெல்லியதாகப் பரவ வேண்டும். ரோலர் உருளும்போது தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி மெல்லச் சீற வேண்டும். சப்புச் சப்பென்று ஒட்டினால் மை அதிகம், கோடெல்லாம் அடைத்துவிடும். என் முதல் இரண்டு பிரதிகளில் தெய்வத்துக்கு வாயே இல்லை. மூன்றாவதில் வந்தது.

காகிதத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெருவின் தென்கடற்கரையில், பராகாசுக்குப் பக்கத்தில் கார்வா என்ற இடத்தில் கிடைத்த பருத்தித் துணிகளைப் பற்றிப் படித்ததிலிருந்து ஓர் ஆசை. சாவினிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிய பாலைவனக் கரை அது. அங்கே துணியில் தீட்டியிருப்பது அதே கோரைப்பல், அதே மேல்நோக்கிய கண், அதே கோலேந்திய தெய்வம். ஒரு வித்தியாசம்: அங்கே தெய்வம் பெண், அவளோடு பருத்திச் செடியும் காய்களும் இருக்கின்றன. கல் நகராது, துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். மலைக்கோயிலின் தெய்வம் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததில் இந்த மாதிரித் துணிகளுக்குப் பங்கு இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியிருக்க என் சாமியைக் காகிதத்தில் மட்டும் விடுவது நியாயமாகப் படவில்லை.

இரண்டு மீட்டர் காடாத் துணி வாங்கி, கஞ்சி போக வெந்நீரில் அலசி, உலர்த்தி, இஸ்திரி போட்டேன். துணிக்கு வேறு மை வேண்டும். காகிதத்தைத் தேய்த்ததுபோல் கரண்டியால் தேய்ப்பதும் இங்கே வேலைக்கு ஆகாது, துணி நகர்ந்துவிடும். தரையில் பழைய கம்பளியை மடித்து விரித்து, அதன்மேல் துணி, அதன்மேல் மை தடவிய தகட்டைக் குப்புற வைத்து, ரப்பர் சுத்தியலால் நடுவிலிருந்து ஓரம்வரை தட்டினேன். நடு அழுத்தமாக விழுந்தது, ஓரத்துப் பாம்புகள் வெளிறிப்போயின. அடுத்த முறை தகட்டின் முதுகில் ஒரு பலகையை வைத்து அதன்மேல் நானே ஏறி நின்றேன். சாமியின் முதுகில் ஏறி நிற்கிறோமே என்று அரை நொடி தயங்கியது உண்மை. அச்சு நன்றாக விழுந்தது. நெசவின் முடிச்சுகளில் மை ஏறாமல் விட்ட சிறுசிறு வெள்ளைப் புள்ளிகள் கருப்பை உடைத்து, கருங்கல்லின் பொரிபோல் ஒரு தோற்றம் கொடுத்தன. அது நான் திட்டமிட்டதில்லை.

தொங்கவிட மேல்முனையில் துணியை மடித்துக் குச்சி நுழையும் அளவுக்குத் தைத்தேன். தைத்து முடித்த பிறகு அம்மா கீழ்முனையையும் அதே மாதிரி மடித்துத் தைத்துக் கொடுத்தார். முதலைகளைப் பார்க்க அவர் ஒவ்வொரு முறையும் தலையைச் சாய்க்க முடியாதாம். இரண்டு முனைக்கும் ஒரே குச்சிதான். மாதத்துக்கு ஒருமுறை உருவி மாற்றுகிறோம். இந்த மாதம் முதலைகள். அவர் பக்கம் தைத்த மடிப்பு நேராக இருக்கிறது, என்னுடையது கோணல். பிரித்துத் தைக்க வேண்டும்.